முதல் வார்டு போஸ்டிங்: நர்சிங் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தடவை வார்டுக்குப் போகும் பி.எஸ்சி., ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) மாணவர்கள் பயப்படுவதெல்லாம் ஊசிக்கும் கதீட்டருக்கும் (உடலுக்குள் செலுத்தும் குழாய்) தான். பயம் இருக்கும் இடத்தில் கவனமும் இருக்கும். தினமும் எடுக்கிற பி.பி., நாடி, மூச்சு இதெல்லாம் சுலபம்தானே என்று நினைக்கிறோம், தவறு அங்கேதான் நுழைகிறது.

மூச்சு எண்ணுவதையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் கிடப்பவர், ஆபரேஷன் முடிந்து வந்தவர், ஆஸ்துமாக்காரர் என்று வரிசையாக எல்லாருடைய சார்ட்டிலும் மூச்சு 20 என்று இருந்தால் அதை யாரும் எண்ணவில்லை என்றுதான் அர்த்தம். உடல்நிலை மோசமாகப் போவதைப் பல நேரம் பி.பி. இறங்குவதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது மூச்சுதான். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. காலையில் 18 இருந்தவர் மதியம் 28 என்றால் உடனே சொல்லியாக வேண்டும், ஆனால் காலையிலேயே குத்துமதிப்பாக எழுதியிருந்தால் அந்த மாற்றம் யார் கண்ணிலும் படாது. நாடி பார்த்து முடித்ததும் கையை விடாதீர்கள். விரல் மணிக்கட்டிலேயே இருக்கட்டும், பார்வை மட்டும் நெஞ்சுக்குப் போகட்டும், முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும்.

பி.பி.யில் தவறு கஃபை (கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டை) சுற்றுவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. பாத்ரூம் போய்விட்டு நடந்து வந்தவரை உட்கார வைத்து உடனே காற்றடிக்கக் கூடாது, 5 நிமிடமாவது ஓய்வு வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, பேச்சும் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும், 10 செ.மீ. கீழே தொங்கினாலே பி.பி.யைச் சுமார் 8 மி.மீ. (பாதரச அளவு) கூடுதலாகக் காட்டும். அப்புறம் கஃபின் அளவு. உள்ளே இருக்கும் ரப்பர் பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். பருமனான கைக்குச் சின்ன கஃபைச் சுற்றினால் இல்லாத பி.பி. இருப்பதாகத் தெரியும், ஒல்லியான பாட்டிக்குப் பெரிய கஃப் போட்டால் குறைவாகத் தெரியும்.

பலரும் விட்டுவிடும் ஒரு படி, முதலில் நாடியைத் தொட்டுப் பார்ப்பது. மணிக்கட்டில் விரல் வைத்துக் காற்றடித்து, துடிப்பு மறையும் எண்ணைப் பார்த்து, காற்றை முழுக்க விட்டு, சற்றுப் பொறுத்து, அந்த எண்ணைவிட 30 கூடுதலாக ஏற்றி, ஸ்டெதஸ்கோப் வைத்து வினாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். எதற்கு இவ்வளவு? பி.பி. அதிகமுள்ள சில முதியவர்களுக்குக் காற்றை இறக்கும்போது துடிப்புச் சத்தம் ஆரம்பித்து, நடுவில் காணாமல் போய், மறுபடி கேட்கும். உண்மையில் 190 இருக்கும் ஒருவருக்கு 170க்கும் 150க்கும் நடுவில் சத்தம் மறைகிறது என்று வையுங்கள். நீங்கள் 160 வரை மட்டும் ஏற்றி இறக்கினால் 150 என்றுதான் காதில் விழும், அதையே எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவீர்கள்.

சரி, கவனமாகச் செய்தும் கேட்கவில்லை என்றால்? காற்றை முழுக்க விட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால், “சிஸ்டர், எனக்குச் சரியா கேக்கல, நீங்க ஒரு தடவை பாருங்க” என்று கேளுங்கள். 120/80 என்று எழுதிவைப்பதை மட்டும் செய்யாதீர்கள், அந்த எண்ணை நம்பித்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த வழி) போட்ட கையில் பி.பி. பார்க்கவே கூடாது. ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப்பையும் கஃப் சுற்றிய கையில் மாட்டாதீர்கள், காற்று ஏறும்போது எண் பொய் சொல்லும்.

இன்சுலினில் நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே மருந்துக் குப்பியில் (வயல்) வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட், சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். வயல் லேபிளையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பிடித்து இன்னொருவரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

மருந்து கொடுக்கும்போது “நீங்க செல்விதானே?” என்று கேட்காதீர்கள். பாதித் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் “ஆமாம்மா” என்பார். “உங்க பேரு சொல்லுங்கம்மா” என்று கேட்டு, ஐ.பி. நம்பரோடு (உள்நோயாளி எண்) ஒப்பிடுங்கள். படுக்கை எண்ணை நம்ப வேண்டாம், ராத்திரியில் ஆளை மாற்றிப் படுக்க வைத்திருப்பார்கள்.

கிளவுஸ் போட்டதால் கை கழுவ வேண்டாம் என்று ஆகாது, கழற்றியதும் கழுவுங்கள். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதீர்கள், அப்படியே குத்துப்படாத வெள்ளை டப்பாவில் போடுங்கள். மீறிக் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, இன்ஸ்ட்ரக்டரிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் 2 மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது. திட்டு விழுமே என்று ஷிஃப்ட் முடியும்வரை மறைத்துவைக்கிற பிள்ளைகள் அந்த நேரத்தைத்தான் இழக்கிறார்கள்.