முதல் வீட்டு வேலையை எடுக்கும் முன்

மேஸ்திரியாக இருந்துவிட்டுச் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்கப் போகிறீர்களா? முதல் வேலையை லேபர் கான்ட்ராக்டாகவே, அதாவது பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தர, கூலிக்கு மட்டும் எடுங்கள். சிமென்ட், கம்பி விலை ஏறினால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழாது.

சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, இவ்வளவு என்று கூலி பேசும்போதே அதில் என்னென்ன அடங்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். போர்ட்டிகோ, மாடிக் கைப்பிடிச் சுவர், செப்டிக் டேங்க்... தகராறு பெரும்பாலும் இங்கேதான் வரும். வேலை நடுவில் வீட்டுக்காரர்கள், "அப்படியே சமையலறையில ஒரு லாஃப்ட் போட்டுடுங்க" என்பார்கள். சரி என்று தலையாட்டும் முன் அளவு, தொகை, தேதியை நோட்டில் குறித்து அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு லாஃப்டுக்கு, கொத்தனார் கூலியை நான் கைக்காசில் கொடுத்தேன்.

அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்), ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் வாங்குங்கள். லிண்டல் தவணை கைக்கு வந்த பிறகே ரூஃப் கான்கிரீட்டுக்கு மிக்ஸர் மெஷின் சொல்லுங்கள்.