சர்க்கரை டப்பா எங்கே இருக்கு? சமூகவியல் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் தன் வினாப்படிவத்தைக் காட்டினார். முதல் கேள்வியே, 'உங்கள் வீட்டில் ஆண் பெண் சமத்துவம் இருக்கிறதா? ஆம் / இல்லை.' எனக்குச் சிரிப்பு வரவில்லை, பழைய எரிச்சல்தான் வந்தது. கிட்டத்தட்ட இதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன்.

வகுப்புக்குப் போங்கள், அடுத்தவர் எழுதியதைத் திருடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## ஆய்வுக் கேள்வியை அப்படியே ஆளிடம் கேட்பது

எனக்கு ஒரு செமஸ்டர் போனது இதனால்தான். கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீடுகளில் வீட்டுவேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது என் ஆய்வேடு. 32 கணவன்மாரைப் பார்த்து, 'வீட்டுவேலையைப் பகிர்ந்துகொள்கிறீர்களா?' என்று நேராகவே கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் 'ஆமாம்' என்றார்கள். எனக்கு ஒரே குஷி. குடும்பம் மாறிவிட்டது என்று ஓர் அத்தியாயமே எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'இது இவர்கள் செய்வதா, சொல்வதா?'

அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் ஒலிப்பதிவுகளை முழுதாக எழுத்தில் இறக்க உட்கார்ந்தேன். பதினோராவது பதிவு. 'எங்க வீட்டுல எல்லாமே பாதிப் பாதி சார்' என்கிறார் ஒருவர். நாற்காலி நகர்கிறது. எனக்கு டீ போட எழுந்து போகிறார். ஓர் அலமாரிக் கதவு திறந்து மூடுகிறது. இன்னொன்று. அப்புறம் உள்ளறையை நோக்கி ஒரு குரல்: 'சர்க்கரை டப்பா எங்கே இருக்கு?' மனைவியின் பதில்: 'எப்பவும் இருக்கற இடத்துலதான்.'

அன்றைக்கு இது என் காதில் விழவேயில்லை. அடுத்த கேள்வி என்ன என்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது ஊருக்கே தெரிந்த பொறி என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். ரிச்சர்ட் லாபியேர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு காரில் நாடு சுற்றினார். சீனர்கள் மீது அங்கே வெறுப்பு பரவலாக இருந்த காலம். தங்கும் விடுதி, உணவகம் என்று 251 இடங்களில் ஏறினார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் முடியாது என்றார்கள். சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டு எழுதினார். பதில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். கட்டுரை 1934-இல் வந்தது. வாசலில் வரவேற்றவரும் கடிதம் எழுதியவரும் ஒரே ஆள்தானா என்று பிறகு குறை சொன்னார்கள். நியாயமான குறைதான். ஆனால் இதை நான் முதல் செமஸ்டரிலேயே தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன்! அங்கே சொல் மோசம், செயல் பரவாயில்லை. என் பேட்டிகளில் தலைகீழ்.

பகிர்வு நடக்கிறதா என்பது நான் விடை தேட வேண்டிய கேள்வி. அதை அவர் தலையில் கட்டிவிட்டேன். நேற்று காலை முதலில் எழுந்தது யார், எழுந்து என்ன செய்தார், துணியைக் காயப் போட்டது யார், குழந்தைக்குக் கடைசியாகக் காய்ச்சல் வந்தபோது லீவு போட்டது யார் என்று கேட்டிருக்க வேண்டும். 'வழக்கமாக' என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் பிரசங்கத்துக்குத் தயாராகிவிடுவார். அதோடு, மனைவியையும் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. பிறகு நான் எழுதிய ஆய்வேடு முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

அதற்காக அந்த 32 'ஆமாம்'களைக் குப்பையில் போடவில்லை. 'அதெல்லாம் அவள் வேலை' என்று சொல்ல இத்தனை பேருக்கும் கூச்சமாக இருந்திருக்கிறதே, அதுவும் தரவுதான். எது நடக்கிறது என்பதற்கு அல்ல, எதைச் சொன்னால் மரியாதை என்பதற்கு. இதைப் புரிந்துகொண்டு திருத்தி எழுதுவதற்குள் கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள்.

## வட்டாரக் கணக்கை ஆள் மேல் ஏற்றுவது

1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து ராபின்சன் என்பவர் 1950-இல் காட்டிய உதாரணம் இது. மாநிலவாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக உள்ள இடங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவு. இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு சுமார் −0.53; அதாவது ஒன்று ஏற மற்றது இறங்குகிறது. ஆளாளாகப் பார்த்தால் குறியே மாறி +0.12 ஆகிறது; வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சற்று அதிகம். வந்தேறியவர்கள், ஏற்கெனவே படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். மாவட்டப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு, 'ஆகவே இப்படிப்பட்டவர்கள் இப்படி நடந்துகொள்கிறார்கள்' என்று முடிக்கும் செமினார் கட்டுரைகள் இன்றும் வாரத்துக்கு ஒன்று வருகின்றன.

## 'சமூகம்' என்ற எழுவாய்

'சமூகம் அவர்களை ஒதுக்குகிறது.' சரி, யார்? வீட்டு உரிமையாளரா, பள்ளி எழுத்தரா, சொந்தக்காரரா? ஆளைப் போட்டு எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் களத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

## வெபருக்கு மாலை போட்டுவிட்டு மறந்துபோவது

மாக்ஸ் வெபர் போன்ற சமூகவியல் முன்னோடியின் கோட்பாடாகவே இருந்தாலும், முதல் அத்தியாயத்துக்குப் பிறகு தலைகாட்டாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

## எஸ்பிஎஸ்எஸ்

இந்தப் புள்ளிவிவர மென்பொருளைக் கேள்வி இல்லாமல் திறக்காதீர்கள்.

## களக்குறிப்பை நாளை எழுதலாம் என்பது

அன்றிரவே எழுதுங்கள். இதைச் சொன்னால் யாராவது ஒருவர் இந்தியச் சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸை இழுப்பார். ஒரு கிராமத்தைப் பற்றி அவர் வைத்திருந்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் போய்விட்டன. ஆனாலும் அந்தக் கிராமத்தைப் பற்றி நினைவிலிருந்தே எழுதி 1976-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். உண்மைதான். ஆனால் எரிந்துபோன அந்தக் குறிப்புகளை அவர் பதினெட்டு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எடுத்து ஒழுங்குபடுத்தி வந்தவர். நீங்கள் நேற்று ஒரு மதியம் களத்துக்குப் போய் வந்தீர்கள்.