தம் விடணும்னா முதல்ல டீ நேரத்த மாத்துங்க: நம்ம சேலத்துக்காரங்களுக்கு

தம் விடறதுக்கு மனசு தான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க, அது பாதி தான் சரிங்க. நம்மூர்ல தம் தனியா வர்றதே இல்ல, டீ கூடவே தான் வருது. அஞ்சு ரோடு, புது பஸ் ஸ்டாண்டு, கொண்டலாம்பட்டி தறிப்பட்டறைப் பக்கம், செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பக்கம்னு எங்க வேணா போய்ப் பாருங்க, ஒரு கைல கிளாஸு, இன்னொரு கைல சிகரெட்டு, கடைல கயித்துல கட்டி ஒரு லைட்டரு தொங்கும். சிகரெட்ட மட்டும் விட்டுட்டு அதே கடைல அதே நேரத்துக்கு அதே ஆளுங்களோட போய் நின்னா எவ்ளோ மனசு இருந்தாலும் நாலாவது நாள் கை நீண்டுடும். அதனால டீய முதல்ல சரி பண்ணுங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வாரம் எதையும் குறைக்காதீங்க, அடிக்கறத அடிங்க, ஆனா ஒவ்வொண்ணும் எத்தன மணிக்கு, எங்க, யாரு கூட, டீயோடவா டீ இல்லாமயானு போன்ல குறிச்சு வைங்க. நம்மாளுங்க "நான் பாக்கெட்டே வாங்கறதில்ல பங்காளி, லூஸ்ல ஒண்ணு ரெண்டு தான்"னு சொல்லுவாங்க, லூஸ்ல வாங்கறதுனால தான் கணக்கே தெரியறதில்ல. குறிச்சு முடிச்சா ரெண்டு வகையா பிரிஞ்சு நிக்கும். ஒண்ணு உடம்பு கேக்கறது, எந்திரிச்சு அரை மணி நேரத்துக்குள்ள அடிக்கற தம் இந்த வகை. புகையிலைல இருந்து அடிமையாக்கற சரக்கு நிக்கோட்டின், அது ரத்தத்துல பாதியா குறைய சுமார் ரெண்டு மணி நேரம் போதும், ராத்திரி முழுக்க தூங்கி எந்திரிச்சா டாங்க் காலி, அதான் பல்லு வெளக்கறதுக்குள்ளயே தேடுது. மிச்சதெல்லாம் பழக்கம் கேக்கறது: டீ, சாப்பாட்டுக்கப்புறம், ஓனர் கத்திட்டுப் போனப்புறம், பாத்ரூம் போறதுக்கு முன்னாடி. பாத்ரூம் விஷயத்துல சிரிக்காதீங்க, நிக்கோட்டின் நெஜமாவே குடல தூண்டி விடும், விட்டப்புறம் ஒண்ணு ரெண்டு வாரம் மலச்சிக்கல் வர்றது சகஜம், "தம் இல்லாம வயிறு போகமாட்டேங்குது"னே திரும்ப ஆரம்பிச்ச ஆளுங்க உண்டு. தண்ணி, கொய்யா, பப்பாளி, கீரைனு முன்னாடியே சேத்துக்கிட்டா அது தன்னால சரியாயிடும்.

இப்ப டீக்கு வருவோம். கடைய மாத்துங்க, நேரத்த மாத்துங்க, முடிஞ்சா குடிக்கறதையே மாத்துங்க. ரோட்டுல நின்னு குடிக்கற கடைய விட்டுட்டு உள்ள உக்காந்து குடிக்கற ஹோட்டலுக்குப் போங்க, 2008 அக்டோபர் 2ல இருந்து பொது இடத்துல புகை பிடிக்க நாடு முழுக்கத் தடை, 200 ரூபா வரைக்கும் அபராதம், ரோட்டோரக் கடைல அத யாரும் கண்டுக்கறதில்ல ஆனா ஹோட்டலுக்குள்ள ஒருத்தனும் பத்த வைக்க மாட்டான். பட்டறைலயோ ஆபீஸ்லயோ டீ ரவுண்டுனா பார்சல் வாங்கி வரச் சொல்லி உள்ளயே குடிங்க. வெயில் காலம்னா மோரு, கம்பங்கூழு, நன்னாரி சர்பத்துனு மாறிடுங்க, கூழு குடிச்சுட்டு தம் அடிக்கற பழக்கம் நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு இல்ல, அதனால மூள அங்க தேடாது.

இன்னொரு விஷயம் நெறைய பேருக்குத் தெரியறதில்ல, குறிப்பா ஏற்காட்டுக் காப்பிய டம்ளர் டம்ளரா குடிக்கற ஆளுங்க கேட்டுக்குங்க. சிகரெட் புகை ஈரல்ல இருக்கற ஒரு என்சைம முடுக்கி விடும், அது காப்பில இருக்கற கஃபீன சீக்கிரமா கரைச்சுடும். தம்ம நிறுத்தினா அந்த முடுக்கல் நின்னுடும், நீங்க அதே அளவு காப்பி குடிச்சாலும் ரத்தத்துல கஃபீன் ஏறக்குறைய ரெண்டு மடங்கா நிக்கும். கை நடுங்குது, படபடங்குது, தூக்கம் வரல, "தம் இல்லாம என்னால முடியலடா சாமி"னு நெனைப்பீங்க, உண்மைல பாதி அந்தக் காப்பியோட வேல. தம் விடற அன்னைக்கே காப்பி டீய பாதியாக்கிடுங்க, சாயங்காலத்துக்கு மேல வேணாம். அந்த என்சைம முடுக்கறது புகை தான், நிக்கோட்டின் இல்ல, அதனால நிக்கோட்டின் கம் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

"என்னால ஒரு நாள் கூட முடியாது"ங்கறவங்க கிட்ட நான் கேக்கறது ஒண்ணு தான், சபரிமலைக்கு மாலை போட்டா எப்படி முடியுது? கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்ட சாமி ஒரு மண்டலம் முழுக்க ஒரு பஃப் கூட இழுக்காம இருக்காரு, மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டின அன்னைக்கே ஜங்ஷன்ல எறங்கி பத்த வைக்கிறாரு. விட்டதுக்கப்புறம் வர்ற எரிச்சல், கோவம், தூக்கமின்மை எல்லாம் முதல் ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் மூணு நாலு வாரத்துல அடங்கிடும். அப்ப மண்டலம் முடியறப்ப உடம்பு எப்பவோ விட்டுடுச்சு, திரும்பக் கூட்டிட்டு வந்தது டீக்கடை தான். மாலை காப்பாத்தறதுக்கு பக்தி ஒரு காரணம், ஊருக்கே தெரியும்ங்கறது இன்னொரு காரணம், எந்தக் கூட்டாளியும் சாமிகிட்ட "மாப்ள ஒண்ணு போடலாமா"னு கேக்க மாட்டான். மாலை இல்லாமயும் இத செய்யலாம், தேதி குறிச்சு வீட்ல, பட்டறைல, முக்கியமா டீக்கடை அண்ணன்கிட்டயே "அண்ணா, இந்தத் தேதில இருந்து நான் கேட்டாலும் குடுக்காதீங்க"னு சொல்லி வைங்க. மாலை போடறவங்க கழட்டறதுக்கப்புறம் வர்ற முதல் ரெண்டு வாரத்துக்கு இப்பவே திட்டம் போடுங்க. தேதி ரெண்டு வாரத்துக்குள்ள இருக்கட்டும், ஆடில கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரமோ சொந்தத்துல கல்யாணமோ வர்ற வாரமா இருக்கக் கூடாது, ஏன்னா சரக்கு உள்ள போனா தேதியெல்லாம் ஞாபகம் இருக்காது.

குறைச்சுக் குறைச்சு விடறதா ஒரேடியாவானு கேட்டா நான் ஒரேடியா பக்கம் தான். இங்கிலாந்துல 2016ல வெளிவந்த ஒரு ஆய்வுலயும் தேதி வச்சு ஒரேடியா விட்டவங்க தான் அதிகம் பேரு தாக்குப் பிடிச்சாங்க. எண்ணிக்கைய குறைச்சா நம்மளையறியாம ஆழமா இழுப்போம், ஃபில்டர் சுடற வரைக்கும் விட மாட்டோம், பத்து அஞ்சானா உள்ள போற புகை பாதியாகறதில்ல. ஒரு நாளைக்கு ஒண்ணு தானேனு சொல்றவங்களுக்கும், இருபது அடிக்கறவனுக்கு வர்ற கூடுதல் இதய நோய் ஆபத்துல கிட்டத்தட்ட பாதி இருக்கு. சரி ஒரேடியா முடியவே முடியாதுன்னா குறைங்க, ஆனா டீயோட வர்றத முதல்ல வெட்டுங்க, காலைல முதல் தம்ம அரை மணி அரை மணியா தள்ளுங்க, விடற தேதிய மட்டும் தள்ளாதீங்க.

நிக்கோட்டின் கம் மெடிக்கல்ல கெடைக்கும், நிகோடெக்ஸ் மாதிரி. எந்திரிச்சு அரை மணிக்குள்ள அடிக்கறவங்களுக்கு 4 மில்லிகிராம், மத்தவங்களுக்கு 2 மில்லிகிராம், 4க்கு டாக்டர் சீட்டு வேணும். நம்மாளுங்க இத பபிள்கம் மாதிரி மென்னு எச்சில முழுங்கிட்டு விக்கல் வந்து, நெஞ்சு எரிஞ்சு, "இது வேலைக்கு ஆகல"னு தூக்கிப் போட்டுடறாங்க. மெதுவா மெல்லணும், காரமா சுருசுருனு வந்ததும் நிறுத்தி கன்னத்து ஓரமா ஒதுக்கி வைக்கணும், அது அடங்கினதும் திரும்ப ரெண்டு மெல்லு, இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாய்த் தோல் வழியா தான் ஏறணும். கம் போடறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியும், வாய்ல இருக்கறப்பவும் காப்பி, ஜூஸ், சோடா எதுவும் கூடாது, புளிப்பான வாய்ல நிக்கோட்டின் சரியா ஏறாது. முதல் ஆறு வாரம் ஒண்ணு ரெண்டு மணிக்கு ஒண்ணு, அப்புறம் இடைவெளிய கூட்டிட்டே போங்க. கர்ப்பமா இருக்கறவங்க, சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க டாக்டர கேக்காம தொடாதீங்க.

தம்முக்குப் பதிலா ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாய்ல ஒதுக்கற புகையிலைய வைக்கறது விடறதுல சேராது, வாய்ப் புற்றுநோய்க்கு வழி மாத்தி விடறது அவ்வளவு தான். பீடி இலை தானே, இயற்கைங்கறதும் சும்மா. வேப், அதாவது பேட்டரில ஓடற இ-சிகரெட்டு, 2019ல இருந்து நாட்லயே தடை.

ஏற்காடு ட்ரிப் பத்தி தனியா சொல்லணும். அடிவாரத்துல ஒண்ணு, இருபது கொண்டை ஊசி வளைவுல நடுவுல வண்டிய நிறுத்தி ஒண்ணு, மேல ஏரிப் பக்கம் குளிருக்கு ஒண்ணு, பகோடா பாயிண்ட்ல வியூவுக்கு ஒண்ணுனு போகும். குளிருக்கு தம் சூடு குடுக்குதுங்கறது நெனப்பு தான், நிக்கோட்டின் தோல்ல இருக்கற ரத்தக் குழாய சுருக்கிடும், விரல் இன்னும் தான் ஜில்லுனு ஆகும். விட்டு முதல் ஒரு மாசம் அந்த கேங்கோட மலைக்குப் போகாதீங்க, போகணும்னா குடும்பத்தோட பஸ்ல போங்க, எங்கயும் நிறுத்தச் சொல்ல முடியாது.

ஆசை வந்தா அது பெரும்பாலும் சில நிமிஷத்துல எறங்கிடும், அந்த நேரத்துக்கு வாய்க்கும் கைக்கும் வேல குடுங்க. கிராம்பு, சோம்பு, மாங்கா கீத்து, வெள்ளரி. தட்டுவடை செட்டும் நொறுக்கலும் நல்லா தான் வேல செய்யும், கைல புடிச்சுக்கிட்டு காரமா மெல்லறப்ப தம் ஞாபகமே வராது, தெனமும்னா எடை ஏறும், விட்ட பல பேருக்கு முதல் வருஷத்துல நாலஞ்சு கிலோ ஏறத் தான் செய்யுது, பாத்துக்குங்க. நடுவுல ஒண்ணு அடிச்சுட்டீங்கன்னா "போச்சு, எல்லாம் போச்சு"னு பாக்கெட் வாங்கப் போகாதீங்க, அடுத்தத அடிக்காம இருந்தா விட்ட ஆளு தான் நீங்க, எங்க எதனாலனு மட்டும் குறிச்சுக்குங்க.

1800-11-2356, இது மத்திய அரசோட இலவச நம்பர், பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கும், லூஸ்ல வாங்கற நமக்குத் தான் கண்ல பட்டிருக்காது. தமிழ்லயே பேசலாம், தேதி குறிக்க உதவி பண்ணிட்டு அவங்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. ரெண்டு மூணு தடவ விட்டு திரும்ப ஆரம்பிச்சவங்க ஜிஹெச் மனநல ஓபிலயோ நெஞ்சு நோய் ஓபிலயோ காமிங்க, வேரனிக்ளின், புப்ரோப்பியான்னு மாத்திர இருக்கு, டாக்டர் பாத்து தான் குடுக்கணும். ஏற்கெனவே ஆஸ்துமாவுக்கு தியோபிலினோ, மனநலத்துக்கு ஒலான்சபின், குளோசபினோ சாப்பிடறவங்க தம் விடப் போற தேதிய டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, காப்பிக்கு சொன்ன அதே காரணத்தால அந்த மாத்திரையும் ரத்தத்துல கூடுதலா நிக்கும், டோஸ் குறைக்க வேண்டி வரலாம்.