வாரத்துக்கு ஒரு சுகர் மாத்திரையா, தினம் ஒண்ணா? ஒப்பிட்டு பாக்குறது எப்படி

"வாரத்துக்கு ஒண்ணு போட்டா போதுமாமேடா, டாக்டர்கிட்ட கேட்டு அதையே எழுதி வாங்கு"ன்னு அப்பா ஒரு நாள் ஆரம்பிச்சாரு. வாக்கிங்ல யாரோ சொல்லிருக்காங்க. சரின்னு அவரோட மாத்திரை டப்பாவ மேஜைல கொட்டி எண்ணுனேன். சுகருக்கு மெட்ஃபார்மின் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, கொலஸ்ட்ராலுக்கு ஒண்ணு, அப்புறம் சுகருக்கே இன்னொண்ணு, சிட்டாக்ளிப்டின். அஞ்சுல வார மாத்திரையா மாத்த முடியறது அந்த கடைசி ஒண்ணுதான், மீதி நாலும் தினம் போட்டே ஆகணும். நீங்களும் இதுலருந்தே ஆரம்பிங்க, எண்ணி பாக்காம டாக்டர்கிட்ட போகாதீங்க.

அடுத்து, எதை எதோட ஒப்பிடுறோம்னு தெளிவா இருக்கணும். நிறைய பேர் வார ஊசியையும் வார மாத்திரையையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. சுகருக்கு போடுற செமாக்ளூடைட் ஊசின்னா வாரத்துக்கு ஒண்ணு, ஆனா அதே மருந்து மாத்திரையா வந்தா தினமும் போடணும், அதுவும் வெறும் வயித்துல அரை டம்ளர் தண்ணியோட போட்டுட்டு அரை மணி நேரம் காபி கூட குடிக்கக் கூடாது. நிஜமான வார மாத்திரைன்னா ட்ரெலாக்ளிப்டின், ஒமாரிக்ளிப்டின். ரெண்டுமே 2015ல ஜப்பான்ல அனுமதி வாங்குனது. ஒமாரிக்ளிப்டினை பண்ணுன கம்பெனி 2016ல அமெரிக்கா, ஐரோப்பாவுல அனுமதி கேக்கப் போறதில்லன்னு சொல்லிருச்சு, பாதுகாப்பு பிரச்சினை இல்ல, வியாபார முடிவுதான்னாங்க.

இந்த ரெண்டு வார மாத்திரையும், தினம் போடுற சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டெனலிக்ளிப்டின் எல்லாம் ஒரே குடும்பம். சாப்பிட்டதும் குடல்லருந்து வர்ற ஒரு ஹார்மோன் இன்சுலினை தூண்டிவிடும், அதை உடைக்கிற என்சைமை இந்த மாத்திரைங்க தடுக்குது. வார மாத்திரை உடம்புல ரொம்ப நாள் தங்குது, வித்தியாசம் அவ்வளவுதான். ஏழு நாளைக்கு ஒண்ணுங்கிறதால பவர் ஜாஸ்தின்னு நினைச்சுக்காதீங்க, ஒமாரிக்ளிப்டினையும் சிட்டாக்ளிப்டினையும் நேருக்கு நேர் வச்சு பாத்த ஆய்வுல சுகர் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைஞ்சுது. மூணு மாச சுகர் சராசரி (HbA1c) ஒன்பதுக்கு மேல நிக்குதுன்னா இந்த குடும்பத்துல எதை போட்டாலும் அது மட்டும் பத்தாது. ஹார்ட் ஃபெயிலியர் இருந்தாலோ யூரின்ல புரோட்டீன் போனாலோ பேச வேண்டியது வேற குடும்பத்து சுகர் மாத்திரைங்களான டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் பத்தி, அதெல்லாம் தினம் போடுறதுதான்.

மறதி விஷயத்துலதான் எனக்கு சந்தேகமே. தினம் போடுறது பல் தேய்க்கிற மாதிரி பழகிரும், ஒரு நாள் விட்டா ஒரு நாள்தான் போச்சு. வார மாத்திரை விட்டுப்போனா ஞாபகம் வந்த உடனே ஒண்ணு போட்டுட்டு அடுத்ததை வழக்கமான கிழமைல தொடரணும், ரெண்டா சேத்து போடக்கூடாது. இதை விட பயம், வயசானவங்க பழக்க தோஷத்துல வார மாத்திரையை தினம் போட்டுடறது. மூட்டு வலிக்கு குடுக்குற மெதோட்ரெக்சேட்ல இந்த தப்பு நடந்து உயிரே போயிருக்கு. க்ளிப்டின் அவ்வளவு மோசம் இல்ல, ஆனாலும் வார அட்டையை தினசரி டப்பாவுக்குள்ள வைக்காதீங்க. தினசரி காலண்டர்ல முன்னாடியே எல்லா வெள்ளிக்கிழமை தாள்லயும் சிவப்பு பேனால "மாத்திரை"ன்னு எழுதி வச்சுட்டா காலைல தாள் கிழிக்கிறப்ப கண்ல படும், மாத்திரை போட்ட பிறகுதான் அந்த தாளை கிழிக்கணும்னு வீட்ல சொல்லிருங்க.

டாக்டர்கிட்ட போறப்ப கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரிப்போர்ட் எடுத்துட்டு போங்க. கிட்னி வேலை குறைஞ்சிருந்தா வார மாத்திரைலயும் டோஸ் குறைக்கணும், சிட்டாக்ளிப்டின்லயும் குறைக்கணும், இதே குடும்பத்து லினாக்ளிப்டினுக்கு அது தேவையில்ல. கூட க்ளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரையும் போடுறீங்கன்னா லோ சுகர் வரலாம், அதையும் சொல்லிருங்க. முதுகு வரைக்கும் பரவுற கடுமையான வயித்து வலி வந்தா கணைய வீக்கமா இருக்கலாம், அடுத்த டோஸ் போடாம உடனே ஆஸ்பத்திரி போங்க, வார மாத்திரைன்னா நிறுத்துன பிறகும் மருந்து சில நாள் உடம்புல இருக்கும்ங்கிறதால கடைசியா எந்த கிழமை போட்டீங்கன்னு மறக்காம சொல்லுங்க.

விலைய மாத்திரை கணக்குல பாக்காதீங்க, மாச கணக்குல போடுங்க, நாலு மாத்திரை விலை ஒரு பக்கம், முப்பது மாத்திரை விலை இன்னொரு பக்கம். இந்தியாவுல சிட்டாக்ளிப்டின் பேட்டன்ட் 2022ல முடிஞ்சு பல கம்பெனி இறங்குனதால தினசரி மாத்திரை நல்லா மலிஞ்சிருச்சு. வார மாத்திரை உங்க ஊர் மெடிக்கல்ல எப்பவும் ஸ்டாக் இருக்குமான்னும் கேட்டுக்கோங்க.

அப்பாவுக்கு டாக்டர் கடைசில வார மாத்திரை எழுதல. மெட்ஃபார்மினும் சிட்டாக்ளிப்டினும் சேர்ந்த மாத்திரையா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு மாத்திட்டாரு, அஞ்சு நாலாச்சு. வாக்கிங் ஃப்ரெண்டுகிட்ட இதை எப்படி சொல்றதுன்னுதான் இப்ப அவருக்கு யோசனை.