காசின் விளிம்பில் எழுத்து ஏறுவது எப்படி?

விளிம்பில் எழுத்துள்ள காசு கிடைத்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முகங்களை அச்சடிப்பதற்கு முன் இதைப் பதித்தார்களா, அடிக்கும்போதா, அடித்த பிறகா?

முன்பே பதிப்பதுதான் பழைய வழி. 1680-களில் பிரான்சின் நாணயச்சாலைகளுக்கு ழான் காஸ்டேங் என்ற பொறியாளர் கொண்டுவந்த கருவியைப் பாருங்கள். இணையாக இரண்டு எஃகுச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் பாதி வாசகம். ஒன்று அசையாது, இன்னொன்று பல்சக்கரக் கைப்பிடியைச் சுற்றினால் நகரும். இடையில் வெறும் வில்லையை, அதாவது இன்னும் முகங்கள் அச்சடிக்காத வட்ட உலோகத் தகட்டை, படுக்க வைத்துச் சுற்றுவார்கள். வில்லை அரைச்சுற்று உருண்டாலே போதும், இரண்டு பாதியும் சேர்ந்து விளிம்பு நிறைந்துவிடும். வெள்ளிக் காசின் ஓரத்தைச் சுரண்டித் திருடியவர்களுக்கு இது பெரிய அடி, ஏனென்றால் சுரண்டினால் எழுத்தும் போய்விடும். எனக்கு இந்தக் கருவி மேல் தனி மரியாதை உண்டு.

அடிக்கும்போதே பதிப்பது கடினமான வேலை. வில்லையைச் சுற்றி நிற்கும் வளையத்தின் உட்புறத்தில் எழுத்தைக் குடைந்திருப்பார்கள். அழுத்தத்தில் உலோகம் விரிந்து அந்தக் குழிகளில் புகும், எழுத்து புடைத்து வரும். ஆனால் புடைத்த எழுத்து வளையத்தில் மாட்டிக்கொள்ளுமே, காசை எப்படி வெளியே எடுப்பது? அதனால்தான் வளையத்தை மூன்று துண்டாகச் செய்து, அடித்ததும் விலகவிடுகிறார்கள். 1907-இல் வந்த அமெரிக்காவின் செயின்ட்-காடன்ஸ் 20 டாலர் தங்கக் காசு இப்படித்தான் உருவானது.

அடித்த பிறகு பதித்ததற்கு 2007-இல் தொடங்கிய அமெரிக்க அதிபர் வரிசை டாலரை, அதாவது அதிபர்களின் உருவம் பதித்த 1 டாலர் காசைச் சொல்லலாம். புழக்கத்துக்கான காசுகள் தனி இயந்திரத்தில் உருண்டு எழுத்து வாங்கின. அந்த இயந்திரத்துக்குப் போகாமலே, விளிம்பில் எழுத்தில்லாமல் வெளியேறிய வாஷிங்டன் டாலர்களும் உண்டு.

சரி, நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே வகைக் காசுகள் சிலவற்றைத் தலைப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து விளிம்பைப் படியுங்கள். சிலவற்றில் எழுத்து நேராகவும் சிலவற்றில் தலைகீழாகவும் இருந்தால், எழுத்து அடிப்பதற்கு முன்போ பின்போ தனியாகப் பதிந்தது. பிரிட்டனின் பழைய வட்ட 1 பவுண்டில் இதைப் பார்க்கலாம். எல்லாமே ஒரே திசையில் இருந்தால் பெரும்பாலும் வளைய வேலைதான். அப்புறம் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். வளையத்தின் துண்டுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு தெரியலாம்.

எழுத்தே இல்லாத அதிபர் டாலரை யாராவது அதிக விலைக்குத் தந்தால் முதலில் எடை போடுங்கள், விட்டத்தையும் அளந்து பாருங்கள். 8.1 கிராம், 26.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தெளிவாகக் குறைந்தால் எழுத்தை அழிக்க விளிம்பை அராவியிருப்பார்கள், வாங்காதீர்கள்.