டிகிரியில் இருக்கும் வரைபடத்தை மீட்டருக்கு மாற்ற: ஆர் மொழியில் டெர்ரா

கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் ஊர் கடலூர். மழைக்காலம் வந்தால் தாழ்வான நிலம் எவ்வளவு என்ற கணக்கு இங்கே பலருக்கும் தேவைப்படுகிறது. உயரப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் இடங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் இருக்கும். ஹெக்டேர் கணக்குக்கு மீட்டர் வேண்டும். மாற்றிவிடுவோம்.

முதலில் ஆர் என்ற நிரல்மொழியில், வரைபடங்களைக் கையாளும் டெர்ரா தொகுப்பை நிறுவி, லைப்ரரி கட்டளையால் அழையுங்கள். விண்வெளி ஓடத்தின் ரேடார் அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவில் வடக்கு 11, கிழக்கு 79 என்ற கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரி, கடலூர், பிச்சாவரம் மூன்றும் அந்த ஒரே கோப்பில் அடங்கிவிடும். ரேஸ்ட் கட்டளையால் திறந்து, விவரத்தைப் பாருங்கள். ஈ.பி.எஸ்.ஜி. என்பது வரைபட அளவுமுறைகளுக்கான எண் பட்டியல்; அதில் 4326 என்று இருந்தால் அது டிகிரி.

அடுத்து, எதற்கு மாற்றுவது? கிழக்கு 78 முதல் 84 டிகிரி வரை யூ.டி.எம். என்ற மீட்டர் அளவுமுறையின் 44-ஆம் மண்டலம். வட அரைக்கோளத்துக்கான ஈ.பி.எஸ்.ஜி. எண் 32644. இணைய வரைபடங்களில் வரும் 3857 பார்ப்பதற்கு மட்டும்தான். நம் அட்சரேகையில் அது நீளத்தை ஏறக்குறைய 2 சதவீதமும் பரப்பை 4 சதவீதத்துக்குச் சற்று மேலாகவும் கூட்டிக் காட்டும்.

சரி, இப்போது மாற்றம். ப்ராஜெக்ட் கட்டளைக்குள் படத்தின் பெயர், மேற்கோள் குறிக்குள் ஈ.பி.எஸ்.ஜி. எண், ரெஸ் என்ற இடத்தில் 30, அதாவது படத்தை ஆக்கும் ஒவ்வொரு கட்டத்தின் பக்கமும் 30 மீட்டர். அவ்வளவுதான். படத்தின் அளவுமுறையைக் குறிக்கும் சி.ஆர்.எஸ். கட்டளையால் புது எண்ணை ஒட்டிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது பெயர்ச்சீட்டை மட்டுமே மாற்றும். கட்டங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். மாற்றிய படத்தின் ஓரங்களில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சதுரம் லேசாகத் திரும்பியிருக்கிறது.

அப்புறம் அதே ப்ராஜெக்ட் கட்டளையில் மெத்தட் என்ற இடம். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். புதுக் கட்டங்கள் பழைய கட்டங்களின் மேல் சரியாக உட்காராது. எனவே ஒவ்வொரு கட்டத்துக்கும் புது எண் தேவை. பைலீனியர் என்றால் சுற்றியுள்ள நான்கு கட்டங்களின் எடையிட்ட சராசரி. உயரத்துக்கு அது பொருத்தம். நிலப் பயன்பாட்டுப் படத்துக்கு ஆகவே ஆகாது. பிச்சாவரத்தில் தண்ணீர் 1, சுரபுன்னைக் காடு 2, நெல்வயல் 3 என்று குறித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். தண்ணீரும் வயலும் தொடும் கரையில் 1-க்கும் 3-க்கும் சராசரி 2. இல்லாத காடு அங்கே முளைத்துவிடும்! இத்தகைய படங்களுக்கு, மிக அருகிலுள்ள கட்டத்தின் எண்ணையே எடுக்கும் நியர் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். வகைகளை வெறும் எண்ணாகச் சேமித்திருந்தால் டெர்ரா தானாகப் பைலீனியரைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு படங்களை ஒப்பிடப் போகிறீர்களா? இரண்டாவது படத்துக்கு ஈ.பி.எஸ்.ஜி. எண்ணுக்குப் பதில், மாற்றி முடித்த முதல் படத்தையே கொடுங்கள். கட்டத்துக்குக் கட்டம் பொருந்தி வரும். பிறகு ரைட்ராஸ்டர் கட்டளையால் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்.