பழைய பிரிட்டிஷ் தொடர்கள் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

1970களின் பிரிட்டிஷ் தொடர் ஒன்றை முதன்முறையாகப் போட்டுப் பார்ப்பவர்களில் பலர் பத்தே நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். செட் செட்டாகவே தெரிகிறது, ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர்கள் குறை. சினிமாவை எதிர்பார்த்து உட்காருவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அன்றைய பிபிசி நாடகங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் பல வீடியோ கேமராக்களை நிறுத்தி, நீளமான காட்சிகளாக நடிக்கவைத்துப் பதிவானவை. வெளிப்புறக் காட்சிகளுக்கு மட்டும் ஃபிலிம். கதாபாத்திரம் வாசலைத் தாண்டியதும் படத்தின் தன்மையே மாறுவது இதனால்தான். உங்கள் டிவியில் கோளாறு ஏதும் இல்லை.

அந்த முறையின் பலம் தெரிய வேண்டுமானால் 1976இல் வந்த 'ஐ, கிளாடியஸ்' பாருங்கள். ரோமப் பேரரசின் கதை, ஆனால் போர்க்களமே கிடையாது. எல்லாம் அறைகளுக்குள் நடக்கும் சதி. பேரரசர் அகஸ்டஸ் சாகும் காட்சியில் கேமரா அவராக நடித்த பிரையன் பிளெஸ்ஸட்டின் முகத்தைவிட்டு நகர்வதில்லை. மனைவி லிவியாவாக நடித்த ஷான் பிலிப்ஸின் குரல் மட்டும் கேட்கிறது. அவள் பேசிக்கொண்டே போக, அந்த முகத்திலிருந்து உயிர் மெல்ல வடிகிறது. ஆயிரம் பேரைத் திரட்டி எடுத்த போர்க்காட்சி எதுவும் என்னை இந்த அளவுக்கு உலுக்கியதில்லை.

அடுத்தது, நாவலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பது. 1995இன் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் நாயகன் டார்சி குளத்தில் குதித்துவிட்டு நனைந்த சட்டையோடு நாயகி எலிசபெத்தின் எதிரே வந்து நிற்பார். ஜேன் ஆஸ்டின் அப்படி எழுதவே இல்லை. நாவலில் டார்சி எதிர்பாராமல் வந்து சேருகிறார், அவ்வளவுதான். திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது அது. இருவருக்கும் உண்டாகும் கூச்சத்தை நாவல் சொற்களில் காட்டுகிறது, தொடர் ஈரச் சட்டையில் காட்டுகிறது. காட்சி புத்தகத்தில் இருக்கிறதா என்று தேடுவதைவிட, அந்த உணர்வு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் நியாயம்.

நல்லதெல்லாம் பிபிசி எடுத்தது என்று நினைத்துத் தேடினால் சில பெரும் படைப்புகள் கண்ணில் படாமலே போய்விடும். 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' (1981), 'தி ஜுவல் இன் தி கிரவுன்' (1984), ஜெரமி பிரெட் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸ் எல்லாம் கிரனாடா நிறுவனம் தயாரித்து, பிரிட்டனின் தனியார் தொலைக்காட்சியான ஐடிவியில் வந்தவை.

ஒரே மூச்சில் பார்த்துத் தீர்ப்பதும் வேண்டாம். 1967இன் 'தி ஃபோர்சைட் சாகா' ஒரு குடும்பத்தின் கதை, 26 பகுதிகள். வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்கென்றே எடுத்தது. ஒரு வார இடைவெளியில்தான் அந்தக் குடும்பத்துக்கு வயதாவது நமக்கு உறைக்கும். நாளுக்கு ஒன்று என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கத் தொடங்குமுன் ஆண்டைச் சரிபாருங்கள், ஒரே பெயரில் பல வடிவங்கள் உண்டு. டிவியில் படத்தின் அளவை 4:3 (அன்றைய டிவித் திரையின் அகல-உயர விகிதம்) என்று வையுங்கள். அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டிய பிரதியில் நடிகர்களின் நெற்றி காணாமல் போகும். பகுதிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். அலெக் கின்னஸ் நடித்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1979) பிரிட்டனில் 7 பகுதிகளாக வந்தது. அமெரிக்காவுக்காக அதை 6 ஆகச் சுருக்கினார்கள். 7 உள்ள பிரதியையே தேடி எடுங்கள்.